ஷட்டர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கிராமத்தில் சொந்தமாகப் பட்டறை போடப்போவதாகச் சொல்லும் இளம் தோழர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். எவ்வளவு செலவாகும்? மானியம் கிடைக்குமா? இரண்டுக்கும் எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பட்டறையின் வாசல் எந்தப் பக்கம் பார்க்கும்? வாஸ்துவைப் பற்றி நான் பேசவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊரில் நானும் தம்பியும் ஒரு வெல்டிங் பட்டறை கட்டினோம். இருபதடி அகலம், முப்பதடி நீளம். ஒரு கொட்டகை, அவ்வளவுதான். தொடங்கி முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. உண்மையில் வேலை நடந்த நாட்களை மட்டும் கூட்டினால் எழுபது நாள்கூட வராது. மீதி நாட்கள் எங்கே போயின என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

காலனிக்குள் நீங்கள் வீடு கட்டினால் ஊர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மாடி போட்டால் வயிறு எரியும், கிரானைட் போட்டால் பேச்சு வரும். ஆனாலும் அது உங்கள் தெரு, உங்கள் எல்லை. பட்டறை அப்படிப்பட்டது இல்லை. பட்டறைக்கு ஆள் வர வேண்டும். டிராக்டர் டிப்பரோடு வந்து திரும்ப வேண்டும். ஆறு மீட்டர் இரும்புக் குழாயை இறக்கிவைக்க இடம் வேண்டும். ஆகவே அது ரோட்டில் இருந்தாக வேண்டும். உங்கள் கிராமத்தை ஒருமுறை மனத்துக்குள் நடந்து பாருங்கள். பஸ் நிற்கும் இடம், டீக்கடை, உரக்கடை, மாவுமில், ரேஷன் கடை, பால் சொசைட்டி. இவை எல்லாம் எந்த ரோட்டில் இருக்கின்றன? காலனிக்குப் போகும் பாதை அந்த ரோட்டிலிருந்து எங்கே பிரிகிறது? எங்கள் ஊரில் முக்கால் கிலோமீட்டர் உள்ளே, ஒன்பதடிச் சந்து. அந்தச் சந்துக்குள் பட்டறை போட்டால் சைக்கிளுக்கு ஸ்டாண்டு ஒட்ட மட்டும்தான் ஆள் வரும்.

என் தாத்தா ஏரின் கொழுவைத் தட்டி வாங்க ஊர்க் கொல்லுப்பட்டறைக்குப் போவார். கொழுவைத் தூரத்தில் வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் நிற்க வேண்டும். ஊர்க்காரர்களின் வேலை முடிந்த பிறகு இவருடையது. கூலி நெல்லைத் தரையில் கொட்டிவிட்டு வர வேண்டும். அவருடைய பேரன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு படித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பதினொரு வருடம் பிறர் பட்டறையில் வேலை பார்த்தான். பரம்பரையாக ஒரு சாதியின் கையில் இருந்த நெருப்பும் இரும்பும் வேறு கைக்கு மாறியதில் அரசு ஐ.டி.ஐ.களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் இதை அதிகம் பேசுவதில்லை. இன்ஜினியரிங் கல்லூரிகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இடம் அம்மா வாங்கியது. ரோட்டை ஒட்டி எட்டு சென்ட். சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு குடும்பம் விற்றது. களையெடுத்த கூலியும் மகளிர் குழுக் கடனும் கம்மலை அடகு வைத்த பணமும் சேர்த்து வாங்கினார். பத்திரம் பதிவாகும்வரை எங்கள் தெருவிலேயே நான்கு பேருக்குத்தான் தெரியும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் அந்த இடம் ஒரே இரவில் வேறொருவருக்குக் கைமாறியிருக்கும். நிலம் விற்பனைக்கு வருகிறது என்ற செய்தி காலனிக்கு எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேரும்.

இடம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். நாம் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு. 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று தமிழ்நாட்டில் பட்டாக்களை எல்லாம் திருத்தி எழுதினார்கள். யு.டி.ஆர். என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். அதற்கு முந்தைய பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படி இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். எதற்காகச் சொல்கிறேன் என்றால், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892-இல் அரசு ஆணை வந்தது. அதன் வழியாக நம் முன்னோருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் யார் பெயரிலோ பட்டாவாகக் கிடக்கிறது. அந்த நிலத்தை வேறு சாதியினருக்கு விற்கக் கூடாது என்பதுதான் ஒப்படையின் நிபந்தனை. நிலைமை இப்படி இருக்க, அதே நிலத்தை இன்னொருவரிடமிருந்து நீங்களே காசு கொடுத்து வாங்கினால்? உங்கள் வீட்டுக் குடத்தை உங்களுக்கே விற்றுவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தது இந்தப் பதிவேட்டு வரிக்காகத்தான். எங்கள் எட்டு சென்ட் பஞ்சமி இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் முன்பணம் கொடுத்தோம். பத்திரம் முடிந்ததும் சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் நட்டோம். அளக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கல் நடந்து போகும் பழக்கம் உள்ளது.

கடைக்கால் தோண்ட ஆள் வந்த அன்றே ஊரிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்தார்கள். சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டு ஆட்களிடம் எப்போதும் பேசுவதைவிட மரியாதையாகவே பேசினார்கள்.

“கட்டிக்குங்கப்பா, வேணாம்னு சொல்லல. உங்க காசு, உங்க நெலம். வாசல மட்டும் அந்தப் பக்கம் வெச்சுக்குங்க. இது சாமி தேர் வர்ற பாதை.”

‘அந்தப் பக்கம்’ என்றால் மேற்கு. காலனிச் சந்து இருக்கும் பக்கம். ரோடு இருப்பது கிழக்கில்.

தம்பி சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “மேக்கால வாசல் வெச்சா சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். ஆனி ஆடி காத்து உள்ள பூந்து பத்தவைக்கவே விடாது. சந்துல டிப்பர் திரும்பாது” என்றான். மூன்றும் உண்மை. வெல்டிங் வேலையில் காற்றும் வெளிச்சமும் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது முக்கியம். நான் வேறு மாதிரி சொன்னேன். “தேர் வருஷத்துல ஒரு நாள் வருது. அன்னிக்கு ஷட்டரை மூடிக்கறோம். மீதி முந்நூத்தி அறுபத்தி நாலு நாளும் ரோடு எங்களுக்கும்தான்.” இரண்டு பதிலும் எடுபடவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்கள்.

எங்கள் உறவினர்களிலேயே பலர் ‘திருப்பி வைத்தால்தான் என்ன’ என்றார்கள். கட்டடம் கிடைக்கிறதே, கதவில் என்ன இருக்கிறது? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஊரோடு ஒட்டிப் பிழைத்தாக வேண்டிய கூலி வேலை அவர்களுடையது. நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்: முதுகைக் காட்டி நிற்கிற கட்டடத்துக்கு ரோட்டில் போகிறவன் வேலை கொண்டு வரமாட்டான். கடைசியில் காலனி வேலை மட்டும்தான் கிடைக்கும். தாத்தா புளியமரத்தடியில் நின்றதையே கான்கிரீட்டில் கட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்த வாரத்திலிருந்து எதுவும் வரவில்லை. ஜே.சி.பி.க்காரர் வண்டி ரிப்பேர் என்றார். எம்-சாண்டு லோடு நேற்று வரும், இன்று வரும் என்று இழுத்தது. தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற பையன் மட்டும்தான் உண்மையைச் சொன்னான்: “அண்ணா, எனக்கு உங்களோட பிரச்சினை இல்ல. ஆனா உங்களுக்கு ஊத்தினா ஊருக்குள்ள எனக்கு வேலை இல்ல.”

இதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியலினத்தவரின் நிலம், கட்டடம் ஆகியவற்றின் மீதான உரிமையை அனுபவிக்கவிடாமல் குறுக்கிடுவது பிரிவு 3(1)(ஜி). மற்றவர்கள் செய்யக்கூடிய தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் தடுப்பது 3(1)(இசட்.ஏ). சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும், விதிப்பேன் என்று மிரட்டுவதும் 3(1)(இசட்.சி). மனு எழுதும்போது ‘என்னைத் தொந்தரவு செய்கிறார்கள்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தத் தேதி, யார், எந்த வார்த்தை, எந்த லோடு நின்றது, எவ்வளவு நஷ்டம் என்று எழுதுங்கள். அப்படி எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். காவல் நிலையத்தில் நேரில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினோம். ரசீதுக்காக மட்டும் நான்கு முறை நடந்தோம்.

வழக்குப் பதிவாகவில்லை. ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்று கூப்பிட்டார்கள். கட்டடத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி, வாசலைத் தெற்குப் பக்கம் வைத்துக்கொள்வதாக ஒரு தாளைத் தயாராகவே வைத்திருந்தார்கள். கிழக்கும் வேண்டாம், மேற்கும் வேண்டாம், நடுவில் ஒன்று. நியாயம் போலவே தோன்றும். உரிமையை வைத்திருப்பவனிடம் பாதியை விடச் சொல்வதும், அதைத் தடுப்பவனிடம் பாதித் தடையை விடச் சொல்வதும் இங்கே சமாதானம் எனப்படுகிறது. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. “ஊராட்சி அனுமதி கொடுத்த வரைபடத்தில் ஷட்டர் கிழக்கே இருக்கிறது. அனுமதியை ரத்து செய்தால் எழுத்தில் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டோம். எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை. அந்த வரைபடம் இல்லாமல் நாங்கள் அந்த அறைக்குள் போயிருந்தால் கதை வேறு. கொட்டகைதானே, தகரம்தானே என்று அனுமதி வாங்காமல் வேலையைத் தொடங்கிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். ஊர்க்காரன் அனுமதியில்லாமல் கட்டினால் ‘விதிமீறல்’. நாம் கட்டினால் ‘ஆக்கிரமிப்பு’.

பிறகு இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற டவுனிலிருந்து மணலும் ஜல்லியும் வாங்கினோம். லோடு ஒன்றுக்கு மூவாயிரம் கூடுதல். இந்தப் பணத்தை எந்த எஸ்டிமேட்டிலும் யாரும் காட்டமாட்டார்கள். சாதிக்கென்று தனியாக ஒரு வரி கட்டுகிறோம், ரசீதுதான் கிடையாது.

இனி கட்டடம். இதைப் பற்றி எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் மண் களி. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். மேலோட்டமாகக் கடைக்கால் போட்டால் இரண்டு கோடையில் சுவரில் விரிசல் ஓடும். எனவே கெட்டி மண் வரும்வரை, ஐந்தடிக்கும் மேல், எட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலும் கான்கிரீட் பில்லர் எழுப்பி, தலையில் நான்கு போல்ட்டுகளைப் புதைத்து வைத்தோம். இரும்புக் கால்கள் அதன் மேல் பிளேட்டோடு உட்கார்ந்து நட்டில் முறுகும். கால், டிரஸ், பர்லின் எல்லாம் தம்பியின் கைவேலை. பிறர் கொட்டகைகளை எத்தனையோ நிறுத்தியிருக்கிறான். தனக்காக ஒன்றை நிறுத்தும்போது ஒவ்வொரு காலுக்கும் தூக்குக்குண்டை இரண்டு முறை விட்டுப் பார்த்தான். மேஸ்திரி அலுத்துக்கொண்டார்.

ஃபெஞ்சல் புயல் வெள்ளம் 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தை என்ன செய்தது என்று பார்த்திருந்தோம். அந்தத் தண்ணீர் நின்ற கோடு மின்கம்பத்தில் இன்னும் தெரிகிறது. டியூப் மட்டம் பிடித்து அந்தக் கோட்டுக்கு அரையடி மேலே தளத்தை நிர்ணயித்தோம். மண் நிரப்பும் செலவு இரட்டிப்பானது. ஆனால் வெல்டிங் மிஷின் நிற்கும் இடத்தில் தண்ணீர் ஏறக்கூடாது, அதில் பேரம் கிடையாது. கூரைக்குக் கலர் ஷீட். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரி பக்கம் வந்தபோது ஷீட்டுகள் காகிதம்போலப் பறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். காற்று முதலில் ஓரத்தைத்தான் தூக்கும். ஓரங்களில் ஸ்குரூவை நெருக்கமாகப் போட வேண்டும்.

சுவர் ஏழடி உயரத்துக்கு ஆறங்குல ஹாலோ பிளாக். அதற்கு மேல் கூரைவரை கம்பிவலை. வெல்டிங் புகை மேலே ஏறி வெளியேற வழி வேண்டும். அம்பத்தூரில் தம்பி வேலை பார்த்த இடத்தில் அந்த வழி கிடையாது. இரவு முழுக்க இருமுவான். சொந்தப் பட்டறை என்பதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த வலைதான்.

தரை கடைசியில். ஐந்தங்குலக் கான்கிரீட், ஷட்டரை நோக்கி லேசான சரிவு. பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம். வெயிலில் விட்டால் மேல்பரப்பு மாவாக உதிரும், அப்புறம் கனமான இரும்பை இழுக்கும்போது தூசி எழும்பிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கான்கிரீட் போட்ட அன்று வேலை செய்த ஒன்பது பேரில் ஐந்து பேர் பெண்கள், எங்கள் தெரு அக்காக்கள். கொத்தனாருக்கு ஒரு கூலி, நிமிர்ந்தாளுக்கு அதைவிடக் குறைவு, சித்தாளுக்கு எல்லோருக்கும் கீழே. ஜல்லிக் கூடையைத் தலையில் சுமப்பது சித்தாள். அதே கூடையைக் கீழிருந்து தூக்கிவிடுவது நிமிர்ந்தாள். யார் வேலை கடினம்? அம்மா முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு அவர் சுமந்த மணல் எவ்வளவோ, அந்த மண்டபத்துக்குள் விருந்தாளியாக ஒரு நாளும் நுழைந்ததில்லை. “என் எடத்துல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி” என்று அவர்தான் முடிவு செய்தார். நிமிர்ந்தாட்கள் முணுமுணுத்தார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. மேடையில் சமத்துவம் பேசும் தோழர்கள் தங்கள் வீடு கட்டும்போது கூலி நோட்டை எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

மின்சாரம் பெரிய தலைவலி. கொட்டகையை வெல்டிங் செய்து நிறுத்த மின்சாரம் வேண்டும், நிரந்தர இணைப்பு கொடுக்கக் கொட்டகை நிற்க வேண்டும். தற்காலிக இணைப்புக்கு மனு கொடுத்தோம். அது நகரவே இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வேலையை முடித்தோம். பிறகு மும்முனை இணைப்புக்குக் கம்பம் நட வேண்டும் என்றபோது பக்கத்து நிலத்துக்காரர் தன் வயலுக்கு மேல் கம்பி போகக்கூடாது என்றார். ரோட்டோரமாகவே கம்பம் போகும்படி திருத்தி மறுபடி எஸ்டிமேட். நான்கு மாதம். இணைப்பு வந்த பிறகு தம்பி முதலில் செய்தது எர்த்திங். எட்டடிக் குழாய், கரியும் உப்பும் போட்ட குழி, கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு துளை. ஈரக் கையோடு இரும்பைத் தொடுகிற தொழில் இது.

பண விஷயம். நிலம் தவிர்த்து ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. இரும்பு வேலைக்குக் கூலி கொடுத்திருந்தால் ஏழைத் தாண்டியிருக்கும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் இருக்கிறது. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 விழுக்காடு முதலீட்டு மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம். நல்ல திட்டம், மனு போடுங்கள். ஆனால் அது வங்கிக் கடனோடு பிணைந்தது. எங்கள் விஷயத்தில் வங்கி ‘துறை முதலில் பரிந்துரைக்கட்டும்’ என்றது, துறை ‘வங்கி முதலில் சம்மதிக்கட்டும்’ என்றது. நாங்கள் காத்திருக்காமல் கட்டினோம். இயந்திரங்களுக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். உத்யம் பதிவை ஆன்லைனில் நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் வாங்குகிற புரோக்கரிடம் போகாதீர்கள்.

எல்லோரும் தள்ளிப்போடுகிற வேலை காப்பீடு. நாம் தள்ளிப்போடக் கூடாது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் எதை அடித்து நொறுக்கியது? வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகளை, தையல் இயந்திரங்களை, டிராக்டரை. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் எரிந்தவை நகரங்களுக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகள். நாம் எழுப்புவது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போதுதான் கை ஓங்குகிறது. குறுந்தொழில்களுக்கென்று 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளத்தோடு கலவரமும் வேண்டுமென்றே செய்யும் சேதமும் அதில் அடங்கும். எடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் பில் வாங்கி வீட்டில் வையுங்கள், பட்டறையில் வைக்காதீர்கள். ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா.

சட்டமும் ஒன்று சொல்கிறது. பலருக்குத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(2)-இன் நான்காம் உட்பிரிவு, தீ வைத்துக் கட்டடத்தை அழிப்பதற்கு ஆயுள் தண்டனை சொல்கிறது. அங்கே குடியிருக்கும் வீடும் வழிபாட்டு இடமும் மட்டும் சொல்லப்படவில்லை. பட்டியலினத்தவர் தம் உடைமைகளை வைத்துப் பாதுகாக்கும் இடமும் சேர்ந்தே வருகிறது. பட்டறை எரிந்தால் ‘வெறும் கொட்டகைதானே’ என்று முதல் தகவல் அறிக்கையில் சின்னப் பிரிவாகப் போடுவார்கள். இந்த உட்பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு கல்லூரியில் இதையெல்லாம் பேசியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: “அண்ணா, அம்பேத்கரே கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னாரே, நீங்க ஏன் திரும்பிப் போய் அங்க காசைக் கொட்டறீங்க?” நல்ல கேள்வி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அவர் பேசியதைவிடக் கடுமையாக யாரும் பேசியதில்லை. 1942 நாக்பூர் மாநாடு நமக்கென்று தனிக் கிராமங்கள் கேட்டது. அதை மறுக்கிற அளவுக்கு எங்கள் ஊர் திருந்திவிடவில்லை. சில ஊர்களில் நானே ‘கட்டாதே, டவுனில் வாடகைக்குப் பிடி’ என்று சொல்லியிருக்கிறேன். காலனியில் முப்பது வீட்டுக்குக் குறைவாக இருந்து, பக்கத்தில் வேறு காலனியும் இல்லையென்றால் இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் அம்பத்தூரில் தம்பி இருந்தது பதினெட்டுப் பேர் இரண்டு அறைகளில். வாடகைக்குப் பட்டறை கேட்டால் ‘சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு’ என்றுதான் அங்கேயும் விசாரணை தொடங்கியது. அம்மாவுக்கு எட்டு சென்ட் இருந்தது. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் திரும்பினோம், ஊர்ப் பாசத்தில் இல்லை.

பட்டறை திறந்து ஐந்து மாதம் ஆகிறது. பெயர்ப்பலகைக்கு வீட்டில் ஒரு பெரிய சண்டை. நான் நீல நிறத்தில் அண்ணல் படம் போடலாம் என்றேன். தம்பி “படம் உள்ள மாட்டலாம்ண்ணே, வெளிய போட்டா முதல் கல்லு அவர் மேலதான் விழும்” என்றான். இப்போது வெளியே அம்மா பெயரில் ‘வெல்டிங் ஒர்க்ஸ்’. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், ரோட்டிலிருந்தே தெரிகிற உயரத்தில், படம். ஷட்டர் திறந்திருக்கும்போதெல்லாம் தெரியும். தேர் அன்று மூடினோம். சொன்ன சொல்.

சுவரில் தம்பி சாக்பீஸால் எழுதிவைத்திருக்கும் விதிகள் இரண்டு. டீசல் டேங்க் ஒட்டப்படாது (காலி டேங்குக்குள் நிற்கும் ஆவி வெடித்து ஆள் செத்ததை அவன் நேரில் பார்த்திருக்கிறான்). கடன் கிடையாது. இரண்டாவது விதிதான் ஊருக்குப் புதிது. போன வாரம் அன்றைக்கு வந்த மூன்று பெரியவர்களில் ஒருவரின் மகன், டிப்பர் கொக்கி விட்டுப்போய் டிராக்டரோடு வந்து நின்றான். அறுப்புக் காலம், டவுனுக்குப் போய்வர அரை நாள் ஆகும். தம்பி கொக்கியைப் பார்த்துவிட்டு எண்ணூறு ரூபாய் என்றான். அறுப்பு முடிந்து தருகிறேன் என்றான் அவன். தம்பி சுவரைக் காட்டினான். அவன் கொஞ்ச நேரம் நின்றான், போன் பேசினான், ஜி-பேயில் அனுப்பினான். கொக்கி ஒட்டி முடிய நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வடக்குச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. தை மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.